பெயர் சொல்லாத வரிகள்

கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்று என் மகள் என்னிடம் ஒன்று கேட்டாள். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. "அப்பா, எங்கம்மா எப்படிப் பேசுவாங்க? ஒரு தடவை பேசிக் காட்டுங்களேன்" என்றாள்.

நாலு பேர் முன்னால் என் பேச்சே எனக்கு வராது. கடையில் சாமான் வாங்கும்போதுகூடக் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்கிற ஆள் நான்.

"உங்கம்மா நல்லாப் பேசும்மா. கலகலன்னு பேசும்" என்றேன்.

"அதை எல்லாரும் சொல்றாங்கப்பா. என்ன பேசுவாங்க?"

மனைவியின் குரல் என் காதுக்குள் இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

மகளுக்கு மூன்று வயது நிறைவதற்குள் அவள் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். வீட்டில் ஒரு புகைப்படம் கிடையாது. குழந்தையைக் கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சேர்த்தேன். அவள் அங்கேயே படித்து வளர்ந்தாள், பேச்சும் டவுன் பேச்சாகிவிட்டது. மாப்பிள்ளை தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டுகிறவர். அவர் வீட்டில் அம்மா, அத்தை, அக்கா என்று பெண்கள் நிறைய. "அங்க எல்லாரும் எங்கம்மா இப்படிச் சொல்லுவா, அப்படிச் சொல்லுவான்னு பேசிக்கிறாங்கப்பா. நானும் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையாவது வேணும்ல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குப் போனேன்.

அப்போது கொடைக்கானலில் ஒரு வாடகை வீட்டில் எனக்குக் காவல் வேலை. எண்பதுகளின் கடைசி. ஒரு பேராசிரியை அந்த வீட்டை எடுத்திருந்தார். மலைச்சனங்களின் பேச்சை ஆராய்கிறவர். அவரை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் முதன்முதலாக எங்கள் பக்கத்து வடகவுஞ்சிக்கு வந்தபோது, அவருடைய டேப் ரெக்கார்டரையும் பேட்டரிப் பெட்டியையும் சுமந்தவன் நான்தான்.

அந்த நாளில் வடகவுஞ்சிக்குக் கீழே, சரிவில் இருந்த ஒரு சின்னக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். நான் மலைவாழைத் தோட்டத்தில் கூலி. என் மனைவி அந்தச் சரிவிலேயே பிறந்தவள். காட்டில் தேன், கடுக்காய், துடைப்பம் கட்டுகிற சீமாறுப் புல் எடுத்து விற்கிற சனம். பேராசிரியை அவர்களுடைய பேச்சைப் பிடிக்கத்தான் வந்தார். பலாமரத்தடியில் பெண்களை உட்கார வைத்துப் பேசச் சொன்னார். ஆண்கள் இருந்தால் பேச மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். என் மனைவிதான் எழுந்து நின்று, "ஆம்பளைக எல்லாரும் காதையும் சேத்து எடுத்துக்கிட்டு ஓடைப்பக்கம் போங்க" என்றாள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நானும் போனேன். பேச்சுப் பிடித்த நாள் முழுவதும் அப்படித்தான். ஓடைக்கரையில் உட்கார்ந்திருப்பேன். மேலே சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் வெகுநேரம் சத்தமே இல்லாமல் இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்கள் இன்னொன்றும் சொன்னார்கள். பெயரை எழுதக்கூடாது. பெயர் காகிதத்தில் ஏறினால் எதை எங்கே எடுக்கிறாய் என்று பாரஸ்ட்காரன் தேடி வருவான் என்ற பயம். பேராசிரியை ஒப்புக்கொண்டார். குடியிருப்பின் பெயரும், பேசியது ஆணா பெண்ணா என்பதும் மட்டும் எழுதினார். யாருடைய பேச்சு எது என்று அவருக்கே பின்னால் தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்.

டேப்புகளை அவர் கொடைக்கானலில் ஒரு அலமாரியில் வைத்திருந்தார். ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே எந்நேரமும் ஒரு பல்பு எரியும். ஒரு மழைக்காலத்தில் பல்பு அணைந்து கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைப் பூஞ்சணம் பூத்து எல்லாம் வீணாகிவிட்டது. ஆனால் பேச்சு முழுவதையும் அதற்கு முன்பே டைப் அடித்து வைத்திருந்தார்கள். தமிழ்ப் பேச்சுத்தான், எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து. அதைத்தான் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேலையைச் செய்தது கொடைக்கானலிலேயே பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். என்னை அண்ணே என்பாள், நான் அவளைப் பாப்பா என்பேன். கம்ப்யூட்டருக்குக் குளிர் ஆகாது என்று காலையில் அந்த அறையில் கணப்பு வைப்பது என் வேலை. கரி நன்றாகப் பிடித்து, புகை அடங்கிய பிறகுதான் உள்ளே கொண்டுபோக வேண்டும். கணப்பை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும். அவள் எதையோ தட்டுவாள். ஓட்டம் நின்று, சில வரிகள் மட்டும் வந்து நிற்கும். பிறகு பிரிண்டர் கரகரவென்று அடிக்கும்.

"என்ன பாப்பா, அதுவா பொறுக்கி எடுக்குது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நான் சொன்னதைத்தான் பொறுக்கும் அண்ணே. மேடம் தேன் பத்தின பேச்செல்லாம் வேணும்னாங்க. நடுவுல தேன்னு போட்டு ரெண்டு பக்கமும் ஸ்டார் போட்டேன். ஸ்டார்னா, அந்த இடத்துல என்ன வேணா இருந்துட்டுப் போகட்டும்னு அர்த்தம். தேன்னு வர்ற எல்லா வரியும் வந்துரும். இதுக்குப் பேட்டர்ன்னு பேரு."

"முழு வரியும் வருமா?"

"கேட்டா வரும். தேனுக்குப் பிறகு புள்ளி வரைக்கும் உள்ளதை மட்டும் வெட்டிக் குடுன்னாலும் குடுக்கும். நாம கேக்கிறதுலதான் எல்லாம் இருக்கு."

மிளகுக் களத்தில் சல்லடை மாற்றி மாற்றிச் சலிப்பார்களே, அது மாதிரி என்று எனக்குப் புரிந்தது. கண் பெரிதாக இருந்தால் எல்லாம் விழும். சின்னதாக இருந்தால் ஒன்றும் விழாது.

மகள் கேட்ட பிறகு, அந்தப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. தினமும் டீயைக் கொண்டுபோய் வைப்பேன், நிற்பேன், திரும்பி வந்துவிடுவேன். கடைசியில் அவளே கேட்டாள். "என்ன அண்ணே, டீயை வெச்சிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. சம்பளம் எங்கிட்ட இல்ல, மேடம்கிட்டதான் கேக்கணும்."

சொன்னேன். என் மனைவியின் பேச்சு இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, பெயர் இல்லாமல் கிடக்கிறது, அதை எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்கு அந்த நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருந்தது. நின்றுகொண்டேதான் இருந்தேன்.

பேராசிரியை மதுரையிலிருந்து வந்ததும் அவரிடம் கேட்டாள். "எந்த வரி எந்தப் பொம்பளை பேசினதுன்னு எனக்கே தெரியாதும்மா. தெரியக்கூடாதுன்னுதானே அப்படி எழுதினோம்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா உங்க வீட்டுப் பேச்சு உங்க வீட்டுக்குப் போறதை நான் தடுக்க மாட்டேன். எது உங்களதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சா எடுத்துக்கோங்க. மத்தவங்களதை விட்டுடுங்க" என்றார்.

முதலில் அந்தப் பெண் என் பெயரைக் கேட்டுத் தட்டினாள். ஒரு வரிகூட வரவில்லை.

"உங்களைப் பத்தி அவங்க ஒண்ணுமே பேசலையா அண்ணே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாப்பா, எங்க பக்கம் பொண்டாட்டி எங்கயாச்சும் புருஷன் பேரைச் சொல்லுமா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க வீட்ல எங்கம்மா அப்பா பேரைச் சொல்லித்தான் ஏசுவாங்க. அதான் தோணலை. சரி, அப்ப உங்களை எப்படித்தான் சொல்லுவாங்க?"

இதைச் சொல்லத்தான் நான் மிகவும் வெட்கப்பட்டேன். கணப்பைக் கிளறுவதுபோல் குனிந்துகொண்டு, "இவுகன்னு சொல்லும்" என்றேன். தட்டினாள். வரிகள் வந்துகொண்டே இருந்தன, நிற்கவில்லை. அந்தக் குடியிருப்பில் எல்லாப் பெண்களுக்கும் புருஷன் இவுகதான். கொஞ்சம் படித்துப் பார்த்தாள். ஒரு இவுக குடித்துவிட்டு வந்தார், ஒரு இவுக கரடிக்குப் பயந்து மரத்தில் ஏறினார். நான் இல்லை, நான் இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். "இது ஆகாது அண்ணே. அவங்க மட்டும் பேசற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. மத்தவங்க யாரும் சொல்லாதது" என்றாள்.

அன்று முழுவதும் யோசித்தேன். மற்ற யாரும் சொல்லாததை என் மனைவி சொன்னதாக எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மற்ற எல்லோரும் சொல்கிற ஒன்றை அவள் சொல்ல மாட்டாள். அதுதான் நினைவுக்கு வந்தது.

மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். வயிற்றால் போய்க் காய்ச்சல் கண்டு, பழனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கொண்டுபோகும்போதே தாமதம். மறுநாள் விடியும்போது இறந்துவிட்டான். உடலை மேலே கொண்டுவர எந்த வண்டியும் ஏற்றவில்லை. அந்த ஊர்ச் சுடுகாட்டிலேயே ஓரமாகப் புதைத்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு பழனி என்ற பெயரை என் மனைவி சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் சரிவில் அந்தப் பெயரைச் சொல்லாமல் ஒரு நாள் கழியாது. சந்தை அங்கே, மருந்து அங்கே, முடி இறக்குவது அங்கே, பஸ் போவது அங்கே. அவள் மட்டும் கீழ என்பாள், அந்த ஊரு என்பாள். யாரும் அவளை ஏனென்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பையனைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை.

மறுநாள் இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாக, "அப்ப இப்படிக் கேக்கலாம் அண்ணே. சந்தை, பஸ், ஆஸ்பத்திரி, கோயில், கீழ... இதுல ஏதாவது ஒண்ணு இருக்கணும். ஆனா பழனிங்கிற பேரு அந்தப் பேச்சுல எங்கயும் இருக்கக்கூடாது" என்றாள்.

"இல்லாததையும் அது தேடுமா?"

"தேடும் அண்ணே."

எங்கள் குடியிருப்பு, பெண்கள் பேச்சு என்று முதலில் பிரித்தாள். பிறகு இதைக் கேட்டாள். திரை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மின்சாரம் ஏறி இறங்கி, பக்கத்தில் இருந்த ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்தது. பிறகு வந்தது. முப்பது வரிக்குள்தான் இருக்கும்.

அவள் படிக்கப் படிக்க நான் கேட்டேன். சிலது எங்கள் வீட்டுப் பேச்சு இல்லை என்று உடனே தெரிந்தது. ஒருத்தி கீழே இறங்கினால் ஆயக்குடிக் கொய்யா தின்னாமல் வருவதில்லை என்று சொல்லியிருந்தாள். என் மனைவி கொய்யாவைத் தொட மாட்டாள், பல் கூசும். இன்னொருத்தி மாமியாரைத் திட்டியிருந்தாள். எங்கம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள்.

அப்புறம் இது வந்தது.

"சந்தையில என் தேனை மோந்து பாத்துட்டு சீனிப்பாகுங்கிறான். அப்ப ஈயைக் கூட்டியாந்து சாட்சி சொல்லச் சொல்லவான்னு கேட்டேன்."

அந்தப் பெண் டவுன் குரலில், ஒவ்வொரு சொல்லாகக் கூட்டித்தான் படித்தாள். ஆனாலும் அது என் மனைவிதான். அந்த வியாபாரியிடம் அவள் அப்படிக் கேட்டபோது நான் பக்கத்தில் தேன் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மேல படிக்கவா அண்ணே?"

"படி பாப்பா."

"பஸ்ஸுல ஏறினா எனக்கு வாந்தி வரும். நடந்தா வராது. பஸ்ஸு நடக்கத் தெரியாதவுகளுக்கு."

"அதுதான். அதுவும்தான்."

"அந்த ஊருல இருந்து எதையும் வாங்கியாராதீகன்னு சொல்லிட்டேன். உப்பு மட்டும் வாங்கியாருவாக. உப்புக்கு ஊரு இல்ல, கடல்ல இருந்துதான வருது."

அவள் அடுத்ததைப் படிக்கத் தொடங்கி நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இது நீங்கதான் அண்ணே, எனக்கே தெரியுது" என்றாள்.

"இவுக கீழ போயிட்டு வந்தா நாலு நாளைக்குப் பேச மாட்டாக. அணைஞ்ச அடுப்பு மாதிரி கெடப்பாக. ஆனா பக்கத்துல போனா சூடு இருக்கும்."

நான் வெளியே போய்விட்டேன். கரி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன், கரி உள்ளேயே நிறைய இருந்தது. திரும்பி வந்து மிச்சத்தையும் கேட்டேன், இன்னும் மூன்று என் மனைவி பேசியது. அந்தப் பெண் காகிதத்தை நீட்டினாள். ஏழு வரி, பிரிண்டரில் அடித்தது. ஆங்கில எழுத்து எனக்குத் தெரியாது. இருந்தாலும் மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு போனேன்.

மகள் அந்த ஏழு வரியை மனப்பாடமே செய்துவிட்டாள். ஈயைச் சாட்சிக்குக் கூப்பிட்ட வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுப்பு வரியைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஒரு வார்த்தை கேட்டவளுக்கு ஏழு வரி கிடைத்துவிட்டது.

கல்யாணத்துக்குச் சொல்ல வடகவுஞ்சிக்குப் போனேன். என் மனைவியின் அக்கா பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சீமாறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏலே, மாமனார் ஆகப்போற ஆளு இப்படியா தலையைச் சீவாம வாரது?" என்றார். நான் அந்த ஏழு வரியையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்து நான் இவ்வளவு பேசினேன். அவர் முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஈ சாட்சி வந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சிரித்து ஓய்ந்து புல்லை எடுத்தவர், "பயலைப் பத்திச் சொன்னாளே, அது வந்துச்சா?" என்று கேட்டார்.

"எந்தப் பய?"

"உம் மகன்தாம்லே. வேற எந்தப் பய?"

"அவனைப் பத்தி அது பேசவே பேசாதே மதினி."

"உங்கிட்டப் பேசலை. அங்ஙன பலாமரத்தடியில பேசினா. அந்தம்மா ஒவ்வொருத்தியா பிள்ளை குட்டி எத்தனைன்னு கேட்டுச்சு. இவ ரெண்டுன்னா. ஒண்ணுதான இருக்குன்னுச்சு. அப்பத்தான் சொன்னா. எந்த ஊருன்னு அந்தம்மா கேட்டுச்சு. அந்தப் பேரை அன்னைக்கு ஒரு தடவைதான் அவ வாயில கேட்டேன். பழனின்னா."

"என்ன சொல்லுச்சு?"

"எல்லாரும் அழுதுக்கிட்டுக் கெடந்தோம். ஒவ்வொருத்திக்கும் ஒண்ணு போயிருக்கு. மாத்தி மாத்தி அதைத்தான் சொன்னோம். யார் என்ன சொன்னான்னு எனக்கு என்ன ஞாபகம் இருக்கு? அவ சொன்னா. அது மட்டும்தான் தெரியும்."

சத்தமே இல்லாமல் இருந்த அந்த நாள் நினைவுக்கு வந்தது. பேட்டரி தீரவில்லை. நான் ஓடைக்கரையில் கல்லை எறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பிப் போகிற பஸ்ஸில்தான் இன்னொன்று உறைத்தது. பழனி என்ற பெயர் இருந்தால் வேண்டாம் என்றுதான் நாங்கள் கேட்டோம். அவள் அந்தப் பெயரைச் சொன்ன ஒரே பேச்சை நாங்களே வெளியே நிறுத்திவிட்டோம்.

கொடைக்கானலில் இறங்கி வெரசாக வீட்டுக்கு நடந்தேன். முற்றத்தில் மரப்பெட்டிகள் கிடந்தன, வைக்கோல் கிடந்தது. வாடகைக் காலம் முடிந்து கம்ப்யூட்டர் மதுரைக்குப் போகிறது. மறுநாள் வெள்ளனே ஜீப் வருகிறது. அது எனக்கு முன்பே தெரிந்ததுதான். கல்யாண வேலையில் மறந்து போயிருந்தேன்.

"பாப்பா, அதைக் கட்டிட்டியா?"

"பிரிண்டரைக் கட்டியாச்சு. மெஷினைக் கடைசியாத்தான் கட்டுவேன். ஏன் அண்ணே, ஓடி வந்த மாதிரி இருக்கீங்க?"

சொன்னேன். அவள் கட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்த முறை நானும் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பழனி என்று கேட்டதும் வரிகள் மழைத்தண்ணீர் மாதிரி இறங்கின. எங்கள் குடியிருப்பு, பெண்கள் பேச்சு என்று பிரித்த பிறகும் அப்படித்தான். யார் வாயில்தான் அந்தப் பெயர் இல்லை? முதலில் என் மனைவியைக் காட்டிக்கொடுத்தது அவள் சொல்லாமல் விட்டது. இப்போது அவளும் சொல்லிவிட்டாள். இனி எதை வைத்துப் பிரிப்பது?

பிள்ளை, பய, ஆஸ்பத்திரி, பொதைச்சோம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கேட்டாள். மொட்டைக்குப் போன பிள்ளைகள் வந்தார்கள். சினிமா பார்க்க ஓடிப்போன பயல் ஒருவன் வந்தான். எல்லாவற்றையும் ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் மூன்று பேச்சு மிஞ்சியது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகப் படித்தாள்.

"பழனி ஆஸ்பத்திரியில மடியில வெச்சிருந்தேன். விடியும்போது மடியில கனம் இருந்துச்சு, பிள்ளை இல்ல."

அடுத்தது.

"பழனியிலயே பொதைச்சாச்சு. மேல கொண்டாற வண்டி இல்ல. இங்க மழை பெய்யும்போது அங்கயும் பெய்யுதான்னு யார்கிட்டயாச்சும் கேப்பேன். தனியா நனைஞ்சுக்கிட்டுக் கெடப்பானே."

மூன்றாவது.

"பழனிக்குப் போகையில இடுப்புல இருந்தான். வாரையில இடுப்பு சும்மா இருந்துச்சு. எனக்கு நடக்கத் தெரியலை. சாஞ்சு சாஞ்சு நடந்தேன்."

அவள் படித்து முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எது அண்ணே?" என்றாள்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். மறுபடியும் படித்தாள். விடியும்போது என் மனைவியின் மடியில்தான் எங்கள் பையன் இருந்தான். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் வேறு எங்கே வைத்திருப்பார்கள்? வண்டி கிடைக்கவில்லை. எங்கள் சரிவில் யாருக்கும் கிடைத்ததில்லை. நான் கீழே போய்விட்டு வந்தால், கீழ மழையா என்று அவள் கேட்பாள். பாதை வழுக்குமா என்று கேட்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மழைக்காலத்தில் கீழிருந்து வருகிறவனிடம் அதை எல்லோரும் கேட்பார்கள். சாய்ந்து நடந்தாளா? அன்று நான் முன்னால் நடந்தேன். எப்போதும் நான் முன்னால்தான் நடப்பேன். பின்னால் அவள் எப்படி வந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

வேடிக்கையாகப் பேசினால் அவளை எனக்கு உடனே தெரிந்தது. அழுதபோது தெரியவில்லை.

"தெரியலை பாப்பா" என்றேன்.

நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அதை நான் அந்தப் பெண்ணுக்கு நினைவுபடுத்தினேன். அவள் எழுந்துபோய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்த பேராசிரியையிடம் பேசினாள். அவர் உள்ளே வந்து மூன்றையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு நானும் அழுதுட்டேன். அதான் யாரு சொன்னாங்கன்னு எனக்கும் நினைவில்ல" என்றார். "மூணையும் எழுதிக் குடும்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பிரிண்டரைக் கட்டிவிட்டதால் அந்தப் பெண் கையாலேயே எழுதினாள். தமிழில் எழுதினாள், நான் படிக்க வேண்டும் என்று.

மறுநாள் கம்ப்யூட்டர் ஜீப்பில் ஏறியது. வைக்கோலைக் கூட்டி அள்ளினேன். அந்த அறையில் கணப்பு வைக்கிற வேலை அத்தோடு நின்றது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காகிதத்தை மகளிடம் கொடுத்தேன். தனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பது அவளுக்குத் தெரியும், அதற்கு மேல் நான் எதுவும் சொன்னதில்லை. "இதுல ஒண்ணு உங்கம்மா பேசினது. எதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

அவள் மூன்றையும் வாய்விட்டுப் படித்தாள்.

"மத்த ரெண்டு பேரும் இப்ப இருக்காங்களாப்பா?"

"யாருன்னே தெரியாதேம்மா."

"இதைக் கேட்டு அவங்க பிள்ளைங்க யாராச்சும் வருவாங்களா?"

"யாரு வருவா? இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்ப மூணையும் நானே வெச்சுக்கிறேன்" என்றாள்.

கல்யாணம் தாண்டிக்குடியில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் நடந்தது. பழனியில் வைக்கலாம் என்று அவர்கள் ஒரு பேச்சு சொன்னார்கள், மகள்தான் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்கு, அந்த ஊருக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னாளாம்.

ஐப்பசியில் அவளைப் பார்க்கப் போனேன். வத்தலக்குண்டுக்கு இறங்கி, அங்கிருந்து மலை ஏறுகிற ஜீப்பில் சாக்குகளோடு உட்கார்ந்து போனேன். காப்பித் தோட்டங்களில் மேகம் இறங்கி, வீட்டு வாசலே தெரியவில்லை. நான் நனைந்துபோய் நின்றேன். மகள் கதவைத் திறந்தாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். துண்டை எடுத்து நீட்டிக்கொண்டே, "கீழ மழையாப்பா?" என்றாள்.

மழைதான் என்றேன். அது எல்லோரும் கேட்கிற கேள்விதான்.